கழுதைக்கு விழுந்த ஓட்டு

காரைக்கால் அமெரிக்க நேசக் கழகத்துக்கு வயது இரண்டு. அதற்கு முன் அரசலாற்றங்கரையில் அதே மாடியில், அதே நாற்காலிகளில், அதே ஆட்கள் உட்கார்ந்து பிரெஞ்சு நேசக் கழகம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிய வாரமே இவர்களும் பெயர்ப்பலகையை இறக்கினார்கள். 'பிரெஞ்சு' இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையடித்து 'அமெரிக்க' என்று எழுதி மறுபடியும் மாட்டினார்கள். எழுத்து ஒன்று கூடிப்போனதால் கடைசி எழுத்து நசுங்கிக் கிடந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

தலைவர் தெட்சிணாமூர்த்தி, பிரெஞ்சுக் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். காரியதரிசி முகைதீன் பிச்சை, கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம். தலைவர் பேசினால் காரியதரிசி தலையாட்டுவார். காரியதரிசி பேசினால் தலைவர் கடிகாரம் பார்ப்பார். இப்படித்தான் கழகம் நடந்துவந்தது.

இந்தக் கண்றாவியெல்லாம் கிளிஞ்சல்மேட்டுப் பூமிநாதனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தலையெழுத்து அந்த வருஷத்து ஐப்பசி மழையோடு வந்தது. பெண்டாட்டி தையல்நாயகிக்கு விஷக்காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் போட்டிருந்தது. மூன்று மாதப் பெண் குழந்தைக்கு அவள் பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லாவிட்டாலும் கொடுப்பதற்கு அவளிடம் பால் இல்லை. பசும்பாலைக் கொடுத்தால் குழந்தை கக்கியது. கடல் கொந்தளித்துக் கிடந்ததால் கட்டுமரத்தைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டு, துண்டை மாரோடு தூளியாகக் கட்டி, அதில் குழந்தையைப் போட்டுக்கொண்டு பூமிநாதன் தெருத்தெருவாக அலைந்தான். அப்போதுதான் யாரோ சொன்னார்கள்: அமெரிக்காவிலிருந்து பால்மாவு வந்து இறங்கியிருக்கிறதாம், கழகத்தில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்களாம், சும்மா கொடுக்கிறார்களாம்.

அடுக்கி வைத்திருந்தது உண்மைதான். மாடி ஹாலின் நடுவில் கோபுரம் மாதிரி அடுக்கி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு டப்பாவின் மேலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருந்தது. கோபுரத்துக்கு எதிரே பெஞ்சு போட்டு, அதில் கைக்குழந்தைகளோடு தாய்மார்களை உட்கார வைத்திருந்தார்கள். குழந்தைகள் அழுதன. தலைவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

"தாய்மார்களே, அமெரிக்காவில் விடிந்ததும் வாசற்படியில் பால் நிற்கிறது. யாரும் கேட்டு வாங்கியது அல்ல. அதுவாக வந்து நிற்கிறது. வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி இருக்கிறது. அதைத் திறந்தால் அதற்குள்ளும் பால். ஆகவே அங்கே குழந்தைகள் அழுவதில்லை. இங்கே அழுகின்றன. காரணம் என்ன? ஜனநாயகப் பயிற்சி போதாது."

பெஞ்சின் ஓரத்தில் ஆஸியா பீவி என்ற பெண் மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் சிங்கப்பூர் போனவன் போனவன்தான். அவள் பூமிநாதன் பக்கம் சாய்ந்து, தான் ஒரு வாரமாக இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், முதலில் அமெரிக்காக்காரன் வீட்டு அடுப்பு, அப்புறம் அவன் மோட்டார் கார், இப்போதுதான் வாசற்படிக்கே வந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

பிரசங்கத்தின் நடுவே காப்பி வந்தது. நிர்வாகக் குழுவுக்கு மட்டும். ஆடை கட்டிய, தளதளவென்ற காப்பி. அந்தப் பால் வாசனை பெஞ்சுப் பக்கம் வந்ததும் தூளிக்குள் கிடந்த குழந்தை தலையைத் திருப்பி வாயைச் சப்பியது. இவ்வளவு பால் இவர்களுக்கு எங்கேயிருந்து கிடைக்கிறது என்று பூமிநாதன் யோசிக்கவில்லை. பெரிய மனிதர்கள் வீட்டில் மாடு இருக்கும்.

பிரசங்கம் முடிந்து விசாரணை ஆரம்பமானது. இப்போதெல்லாம் அமெரிக்காவில் சினிமாக்காரன் முதல் பெரிய உத்தியோகஸ்தன் வரை எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறார்கள் என்றும், கேட்காமல் விட்டால்தான் அங்கே அவமானம் என்றும் காரியதரிசி விளக்கினார். ஆகவே பால்மாவு வாங்குகிறவர்கள் நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். எந்த அரசாங்கத்தையாவது கவிழ்த்ததுண்டா, கவிழ்க்க நினைத்ததுண்டா?

ஆஸியா பீவி, தனக்கு ரெண்டு பிள்ளையும் சேர்ந்தாற்போலத் தூங்கும்போதுதான் நினைக்கவே நேரம் கிடைக்கும், அது இதுவரை நடக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

அடுத்து பூமிநாதன். பாவி மனுஷனுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டதும் உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு வருஷமாகக் காரைக்காலில் வாயுள்ளவன் எல்லாம் மேடையேறிப் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்தது நான்தான் என்று சொல்லி மாலை வாங்கிக்கொண்டிருந்தான். பூமிநாதன் நிஜமாகவே ஏதோ செய்திருந்தான். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்கிறார்கள்; சொன்னால் இரண்டு டப்பாவாகவே கொடுப்பார்கள்.

"உண்டுங்க. பிரெஞ்சுக்காரனைக் கவுத்தப்ப நானும் இருந்தேன். தடை போட்டிருந்த சமயம் கட்டுமரத்துல நம்ம இந்தியக் கொடி கொண்டாந்து எறக்குனது நாந்தாங்க. ஐயாகூட அந்தக் கொடிய ஏத்துற அன்னிக்கு மேடையில பேசுனீங்களே."

தலைவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கவிழ்த்தது நாங்கள். அது தியாகம். நீ செய்தது கவிழ்ப்பு."

காரியதரிசி இன்னும் தோண்டினார். கடலில் வலை விட்டால் மிதவையில் துணி கட்டுவாயே, அது என்ன நிறம் என்றார். சிவப்பு என்றான் பூமிநாதன். தூரத்திலிருந்து தெரிய வேண்டுமல்லவா. உன் வலைக்கு மட்டுமா? இல்லை, கிளிஞ்சல்மேட்டில் எல்லா வலைக்கும் சிவப்புதான். காரியதரிசிக்கு முகம் வெளுத்துவிட்டது. கரையோரம் முழுக்கச் செங்கொடி பறந்துகொண்டிருக்கிறது, நாம் இங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். தலைவர் அதை ஆமோதித்து இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார்.

பூமிநாதன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கடைசியில் மனமிரங்கி, அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அமெரிக்காவில் தேர்தல் வருகிறது. அதே நாளில் இங்கேயும் கழகம் ஒரு தேர்தல் நடத்தும். ஓட்டுப் போட்டு ஜனநாயகவாதி என்று நிரூபித்தவர்களுக்கு டப்பா உண்டு.

அமெரிக்காவில் இரண்டு கட்சி, ஒன்றுக்கு யானைச் சின்னம், மற்றதற்குக் கழுதைச் சின்னம் என்று கேட்டபோது பூமிநாதன் அதை நம்பவில்லை. நம்மூரில் ஒருத்தனைக் கழுதை என்று சொன்னால் வெட்டுக்குத்து நடக்கும். அங்கே அவனே நான் கழுதை என்று கொடி பிடித்துக்கொண்டு ஓட்டுக் கேட்கிறானாம். யோசித்துப் பார்த்தபோது அவர்கள் நேர்மையான ஜனங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. நம்மூர்க் கட்சிகள் போட்டுக்கொள்கிற சின்னங்களில் அவ்வளவு உண்மை இல்லை. நாலு வருஷம் நாட்டை ஆண்டவன் தோற்றால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவான் என்பதையும் அவன் நம்பவில்லை. தெட்சிணாமூர்த்தி எந்த ஆட்சி போனாலும் வீட்டுக்குப் போனதே இல்லையே.

தேர்தலன்று கழகத்தின் வாசலில் நிஜ யானையையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கோயில் யானை, நெற்றியில் பட்டம் கட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் சலவைத்துறை மருதையனின் கழுதை. மருதையன் நிர்வாகக் குழுவின் வேட்டி சட்டை மொத்தமும் வெளுக்கிறவன், கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. எந்த மிருகத்தின் பின்னால் போய் நிற்கிறீர்களோ அந்தக் கட்சிக்கு ஓட்டு என்று தலைவர் விதியை வாசித்தார்.

மருதையன் பதறிவிட்டான். யாரும் பின்னால் நிற்க வேண்டாம், இது உதைக்கிற கழுதை, பின்னால் ஆள் அரவம் கேட்டாலே காலைத் தூக்கிவிடும், கட்சி அபிமானம் இருக்கிறவர்கள் பக்கத்தில் நில்லுங்கள் என்று கூவினான். ஒருவரும் அந்தப் பக்கமே போகவில்லை. தாய்மார்கள் யானைப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள்.

பூமிநாதனின் குழந்தை அப்போது அழுவதை நிறுத்தியிருந்தது. அழத் தெம்பில்லை. மருதையன் கழுதையின் கயிற்றைப் பிடித்தபடி தூளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, புள்ளை இப்புடி வாடிக் கெடக்கு? நம்ம கழுதை குட்டி போட்டு ஒரு மாசந்தான் ஆவுது. இருங்க, வாரேன்."

ஆஸியா பீவி இடுப்பிலிருந்து பிள்ளைக்குப் புகட்டும் பாலாடையை எடுத்து நீட்டினாள். மருதையன் கழுதையின் பக்கத்தில் குந்தி, ஒரு பாலாடை கறந்து, சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் வாயில் விட்டான். குழந்தை குடித்தது. கக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தது. அந்த வட்டாரத்தில் கழுதைப்பால் சங்கதி தெரியாத வீடே கிடையாது. பிறந்த பிள்ளைக்கு ஒரு பாலாடையாவது தேடிக் கொடுத்துவிடுவார்கள். காலையிலிருந்து அது கட்சியாக நின்றதால், அது கழுதை என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

அவ்வளவுதான். யானைக்குப் பின்னால் நின்ற தாய்மார்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். யானைக் கட்சியில் பாகன் மட்டும் மிச்சம். காரியதரிசி எண்ணி முடித்துக் கழுதை அமோக வெற்றி என்று அறிவித்தார். காரைக்கால் வாக்காளர்களின் விழிப்புணர்ச்சியைத் தலைவர் அரைமணி நேரம் மெச்சினார். அந்த விழிப்புணர்ச்சி கழுதையைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டிருந்தது. மருதையன் பூமிநாதனிடம், தினமும் ஒரு பாலாடை தருவதாகவும், ஆனால் இத்தனை பிள்ளைக்கும் இந்த ஒரு கழுதை காணாது, டப்பா கிடைத்தால் விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னான்.

டப்பா கிடைக்கவில்லை. அதற்குள் ரேடியோவில் செய்தி வந்துவிட்டது. அமெரிக்காவில் யானை ஜெயித்துவிட்டது.

கழகம் கதிகலங்கிப்போனது. அமெரிக்கா முழுவதும் ஒரு பக்கம் போக, காரைக்கால் மட்டும் கழுதை பக்கம் போயிருக்கிறது. நாளைக்கு அமெரிக்காக்காரன் கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? அவசரக் கூட்டம் போட்டு எல்லோரையும் வரவழைத்தார்கள்.

"தேர்தல் சுதந்திரமாகத்தான் நடந்தது. அதில் குற்றம் இல்லை. முடிவுதான் தவறு. ஆகவே சரியான முடிவு வருகிறவரை மறுபடி மறுபடி சுதந்திரமாக நடத்துவதென்று கழகம் தீர்மானித்திருக்கிறது" என்றார் தலைவர்.

பிறகு மருதையனை நிறுத்தி வைத்து, வேட்பாளர் ஓட்டுப் போட வந்தவர்களுக்குப் பால் கொடுத்திருக்கிறார், இது லஞ்சம் அல்லாமல் வேறென்ன என்று கேட்டார். அது கழுதைங்க என்றான் மருதையன். எந்தக் கட்சியாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்றார் தலைவர். மறுதேர்தல் முடிகிறவரை கழுதை யாருக்கும் பால் தரக் கூடாது என்று தீர்மானமாயிற்று. கழகத்துச் சேவகனைக் கழுதைக்குக் காவல் போட்டார்கள். குட்டி பால் குடிக்கலாமா என்று மருதையன் கேட்டதற்கு, அதற்கு ஓட்டுரிமை இல்லாததால் ஆட்சேபணை இல்லை என்று காரியதரிசி பெருந்தன்மையாகச் சொன்னார்.

இரண்டு நாள் குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர்தான். இரண்டாம் நாள் பூமிநாதன் அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். தையல்நாயகி படுத்தபடியே கையை நீட்டிக் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரியின் கைக்கே அந்தக் கால் சில்லென்று இருந்தது.

"அவுங்க என்ன சொன்னாலும் சரின்னுட்டு வாங்கிட்டு வந்துடுங்க. ரோசம் பாக்காதீங்க" என்றாள்.

மறுதேர்தலுக்கு யானை வரவில்லை, கோயிலில் அதற்கு வேலை இருந்தது. அதனால் யானையின் இடத்தில் தலைவரே நின்றார். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் கழுதை அதே இடத்தில், சேவகன் காவலில் நின்றது. பூமிநாதன் நடுவில் நின்றான். ஒரு பாலாடைப் பாலாவது அந்தக் கழுதையிடம் வாங்கிக் குடித்த பிள்ளை அவன் மாரில் கிடந்தது. மருதையனின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மருதையன்தான் சொன்னான். "போயி நில்லுங்கண்ணே. புள்ளைக்குத்தானே. கழுதை ஒண்ணும் கோச்சுக்காது."

பூமிநாதன் போய்த் தலைவரின் பின்னால் நின்றான். ஆஸியா பீவி நின்றாள், எல்லோரும் நின்றார்கள். யானை ஜெயித்தது. போட்டோ எடுக்க ஆள் வந்தது. தலைவர் ஒரு டப்பாவில் ரோஸ் ரிப்பன் கட்டிப் பூமிநாதன் கையில் கொடுத்தார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தான். குழந்தையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார், பிடித்தான். டப்பா லேசாகத்தான் இருந்தது. அமெரிக்கச் சாமான் எல்லாம் லேசாகத்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டான். போகும்போது டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் போ என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அவன் காதில் விழுந்தது. நிற்கவில்லை.

பக்கத்திலேயே சலவைத்துறை. அங்கே வெள்ளாவி அடுப்பில் எப்போதும் வெந்நீர் கொதிக்கும். மாவைக் கரைத்து உடனே கொடுத்துவிடலாம் என்று ஓடினான். கழுதையை ஓட்டிக்கொண்டு மருதையனும் வந்து சேர்ந்தான். ரிப்பனைப் பிய்த்து மூடியை நெம்பித் திறந்தார்கள்.

உள்ளே மாவு இல்லை. அடியில் ஒரு காப்பிக் கரண்டி கிடந்தது.

பூமிநாதன் அந்தக் கரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான். மாடி ஹாலின் காப்பி வாசனை அதில் இன்னும் இருந்தது. குழந்தை தலையைத் திருப்பி வாயைச் சப்பியது ஞாபகம் வந்தது. அப்படியே துவைகல்லின் மேல் உட்கார்ந்து அழுதான். அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் கடல்மேல்கூட அவனுக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை.

மருதையன் டப்பாவை வாங்கி வெந்நீர் ஊற்றி இரண்டு தடவை கழுவினான். தேர்தல்தான் முடிந்துவிட்டதே. கழுதையின் பக்கத்தில் குந்தி, கைகுலுக்குகிற படத்தைத் தொடையில் இடுக்கிக்கொண்டு கறந்தான். டப்பாவின் அடியில் பால் விழும் சத்தம் கேட்டது. அந்தக் காப்பிக் கரண்டியாலேயே பூமிநாதன் குழந்தைக்குப் புகட்டினான். அது கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. டப்பா காலியாயிற்று. மருதையன் அதைக் கழுதைக்குப் பின்புறம் இருந்த முளைக்குச்சியில் கவிழ்த்து வைத்தான்.

அப்போது தலைவர் குடையைப் பிடித்தபடி கரைமேட்டிலிருந்து இறங்கி வந்தார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு காரியதரிசி.

"டப்பா எங்கே? அது கழகத்தின் சொத்து" என்றார்.

"உள்ள ஒண்ணும் இல்லீங்களே, ஐயா" என்றான் பூமிநாதன்.

"எப்படி இருக்கும்? கண்ட நாட்டு மாவை ஏழைக் குழந்தைகளுக்கு அப்படியே கொடுத்துவிட முடியுமா? ஒத்துக்கொள்கிறதா என்று ஒவ்வொரு டப்பாவாக நிர்வாகக் குழு தானே குடித்துச் சோதித்தது. ஒரு டப்பா பாக்கி விடவில்லை. எங்களில் ஒருத்தருக்கும் வயிற்றைக் கலக்கவில்லை. இவ்வளவு பொறுப்பாக இந்த ஊரில் யார் இருப்பார்கள்? கொடு டப்பாவை. நாளைக்கு இன்னொரு குழந்தைக்குக் கொடுத்துப் போட்டோ எடுக்க வேண்டும்."

பூமிநாதன் குழந்தையை மாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"எடுத்துக்குங்க ஐயா. அதோ, கழுதைக்குப் பின்னால இருக்கு."

தலைவர் குடையைக் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டு, சலவை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். மருதையன் வாயைத் திறக்கவில்லை. பூமிநாதன் மட்டும், குழந்தையின் மேல் எதுவும் தெறிக்காமல் இருக்க, இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.